பிக் அப்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்ப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை, கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று கடைப் பலகைகளில் நம் பெயர்கள்தான். உள்ளே போய்த் தமிழில் பேச்சுக் கொடுத்தால் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதில் வரும். 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் இங்கே வந்து இறங்கினார்கள். அதன்பின் தலைமுறைகள் பல ஓடி, வீட்டு மொழியே ஆங்கிலமாகிவிட்டது. அதனால் ஊரிலிருந்து இப்போது வருகிற குருக்கள், சமையல் மாஸ்டர், கம்ப்யூட்டர் வேலைக்காரர், கணவரோடு வந்த பெண்கள் என யாருக்கும் ஆங்கிலம் இல்லாமல் பிழைப்பு ஓடாது. நான் அவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இரண்டு சொல் சேர்ந்து வருகிற வினைகள்தான் எல்லோரையும் படுத்துகின்றன. அவற்றில் "பிக் அப்" பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, பிக் அப் என்றால் எடுப்பது. இதற்குப் போய் ஒரு பக்கமா?

காலையிலிருந்து ராத்திரி வரை காதில் விழுவதைக் கவனியுங்கள். கீழே விழுந்த சாவியை பிக் அப் பண்ணச் சொல்வார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிக் அப் பண்ண வேண்டும். வருகிற வழியில் ஒரு ரொட்டி பிக் அப் பண்ணி வரவேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஜூலு மொழியை பிக் அப் பண்ணிவிட்டான் என்பார்கள். டிசம்பரில் வியாபாரம் பிக் அப் ஆகும். கோயிலில் பார்க்கிற ஆன்ட்டி உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீங்கள் "வெயிட் பிக் அப்" பண்ணியிருப்பதாகச் சொல்வார். இவை எல்லாவற்றிலும் கையால் குனிந்து எடுப்பது சாவி ஒன்றைத்தான்.

அப்படியானால் எத்தனை அர்த்தத்தை மனப்பாடம் செய்ய வேண்டும்?

மனப்பாடம் வேண்டாம். பெரிய அகராதியைத் திறந்தால் இந்த ஒரு வினைக்கே ஒரு பக்கம் நீளத்துக்கு அர்த்தம் போட்டிருக்கும். அதை உருப்போட்டு யாரும் பேசக் கற்றதில்லை. எதை பிக் அப் பண்ணுகிறோம் என்பதைப் பாருங்கள். பாதி அர்த்தம் அங்கேயே இருக்கும். சாவியா, ஆளா, மொழியா, சளியா, பில்லா? செயப்படுபொருள் மாறினால் அர்த்தமும் மாறும்.

நமக்கு இது புதிதும் இல்லை. தமிழில் "எடு" என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு போன் எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், படம் எடுக்கிறோம். பசிகூட எடுக்கிறது. யாராவது குழம்புகிறோமா?

இன்னொரு துருப்பும் நம் கையில் இருக்கிறது. பிக் அப்பின் அர்த்தங்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் "எடு" அல்லது "பிடி", இரண்டில் ஒன்று வந்து நிற்கும். சாவியை எடுத்தான், போனை எடுத்தாள், இவை எடு. சளி பிடித்தது, வண்டி வேகம் பிடித்தது, வியாபாரம் சூடு பிடித்தது, ரேடியோ சிக்னல் பிடிக்கிறது, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, பையன் பாஷையைச் சட்டென்று பிடித்துக்கொண்டான், இவை பிடி. இந்த ஆறுக்கும் ஆங்கிலத்தில் பிக் அப் போடலாம். ஆங்கிலப் புத்தகத்தில் இந்த விளக்கம் கிடைக்காது, தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற சலுகை.

"அப்" என்றால் மேலே. சளி பிடிப்பதில் மேலே எங்கே வந்தது?

நல்ல கேள்வி. "அப்" எல்லா இடத்திலும் திசையைச் சொல்வதில்லை. "ஈட் அப்" என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது, மேலே பார்த்துச் சாப்பிடுவது அல்ல. நம் துணைவினைகளும் இப்படித்தான். "குழந்தையைப் பார்" என்பது வேறு, "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்பது வேறு. அந்தக் "கொள்" தனியாக என்ன அர்த்தம் தருகிறது என்று கேட்டால் நம்மால் உடனே சொல்ல முடியுமா? சேர்ந்து நின்றால்தான் அர்த்தம். இந்த வகை வினைகளுக்கு "ஃப்ரேசல் வெர்ப்" என்ற பெயர் பரவியது 1925-ல், லோகன் பியர்சால் ஸ்மித் எழுதியதன் மூலம். அதற்கு முன்பும் ஜனங்கள் இவற்றைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், பெயர் தெரியாமலே.

வெறும் "பிக்" என்று சொன்னால் போதாதா? "அப்" சேர்க்காவிட்டால் என்ன ஆகும்?

அர்த்தமே மாறிவிடும். காவடி சமயத்தில் கோயிலில் இருக்கிறீர்கள். தோட்டத்தில் சாமந்தி பூத்திருக்கிறது, மண்டபத் தரையிலும் கொஞ்சம் பூ உதிர்ந்து கிடக்கிறது. உதவிக்கு வந்த உள்ளூர்ப் பையனிடம் "பிக் தி ஃப்ளவர்ஸ்" என்றால் அவன் தோட்டத்துக்குப் போய்ச் செடியிலிருந்து பறிப்பான். "பிக் அப் தி ஃப்ளவர்ஸ்" என்றால் தரையில் கிடப்பதைப் பொறுக்குவான். பூக்கடையில் ஆர்டர் கொடுத்திருந்தால் மூன்றாவது அர்த்தமும் உண்டு: கடைக்குப் போய் வாங்கி வருவான். பூஜைக்குப் பூ வேண்டிய நேரத்தில் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

தனியாக நிற்கும் "பிக்" பறிப்பது, கிள்ளுவது, தேர்ந்தெடுப்பது. இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிற "பிக் அன் பே" கடைப் பெயரில் இருப்பது அந்த பிக்தான்: வேண்டியதைத் தேர்ந்தெடு, காசைக் கொடு. "பிக் எ ஃபைட்" என்றால் வம்புக்கு இழுப்பது. அங்கேயும் அப் சேர்க்கக் கூடாது.

ஆளை பிக் அப் பண்ணுவது பற்றிச் சொல்லுங்கள். அதுதான் தினமும் தேவைப்படுகிறது.

"ஐ வில் பிக் யூ அப் அட் ஃபைவ்." ஐந்து மணிக்கு வண்டியில் வந்து உங்களை ஏற்றிக்கொள்கிறேன். இதில் ஒளிந்திருக்கிற விஷயம் வண்டி. நடந்து வந்து உங்களைக் கூட்டிப் போகிறவர் பிக் அப் என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார். அழைத்து வருபவர் ஓட்டுகிறார், நீங்கள் ஏறிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் டர்பனில் இதற்குச் சமமாகக் காதில் விழும் இன்னொரு சொல் "ஃபெட்ச்". "ஐ வில் ஃபெட்ச் யூ" என்று ஒருவர் சொன்னால் அவரும் வண்டியோடு வருகிறார் என்றே பொருள். நம் ஊர் ஆங்கிலத்தில் ஃபெட்ச் என்றால் தண்ணீர் கொண்டுவா, நாயிடம் பந்தை எடுத்துவரச் சொல் என்கிற வாசனை வரும். அதனால் புதிதாக வந்தவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் அது மரியாதையான, அன்றாடச் சொல்.

அப்புறம் நேரம். "ஐ வில் ஃபெட்ச் யூ ஜஸ்ட் நவ்" என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். இங்கே "ஜஸ்ட் நவ்" என்பது பிறகு எப்போதாவது. அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். "நவ் நவ்" என்றால்தான் சீக்கிரம். சந்தேகமாக இருந்தால் "வாட் டைம்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்கம்பக்கத்துப் பெற்றோர்கள் முறைவைத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஏற்பாட்டுக்கு "லிஃப்ட் கிளப்" என்று பெயர். "ஹூ இஸ் பிக்கிங் அப் டுடே?" என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்தால், இன்று யார் முறை என்று கேட்கிறார்கள். இங்கே யாரை என்று சொல்லவில்லை, பிள்ளைகள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

மினிபஸ் டாக்ஸியில் மட்டும் இந்தச் சொல்லுக்கு அதிகம் வேலை இல்லை. ஏறுவதற்குக் கையைக் காட்டுவீர்கள். இறங்க "ஆஃப்டர் ரோபோட்" என்று குரல் கொடுப்பீர்கள். ரோபோட் என்றால் இங்கே டிராஃபிக் சிக்னல்.

ஒரு பெண்ணை பிக் அப் பண்ணினேன் என்று சொன்னதற்கு ஆபீஸில் சிரித்தார்கள். ஏன்?

முன்பின் தெரியாதவரிடம் பாரிலோ பார்ட்டியிலோ பேச்சுக் கொடுத்து மடக்குவதற்கும் இதே சொல்தான். "ஐ பிக்ட் அப் எ கேர்ள் லாஸ்ட் நைட்" என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் மனசு அங்கேதான் போகும். எங்கிருந்து என்பதைச் சேர்த்துவிடுங்கள்: "ஃப்ரம் தி ஏர்போர்ட்", "ஃப்ரம் ஹெர் ஆஃபீஸ்". யார் என்பதையும் சொல்லுங்கள்: "மை சிஸ்டர்", "மை கலீக்". பிறகு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"ஐ பிக்கப்டு ஹிம்" சரியா?

இல்லை. நாம் தமிழில் "பிக்கப் பண்ணினேன்" என்று ஒரே சொல்லாகச் சேர்த்துவிட்டதால் வரும் கோளாறு இது. காலம் காட்டுவது "பிக்" மீது ஏறும், "அப்" மாறவே மாறாது. பிக் அப், பிக்ஸ் அப், பிக்ட் அப், பிக்கிங் அப்.

உச்சரிப்பில் ஒரு சின்ன விஷயம். இறந்தகாலத்தை "பிக்கிடு அப்" என்று இழுக்காதீர்கள். அந்தக் கடைசி ஒலி மெல்லிய ட். அடுத்த சொல்லோடு ஒட்டி "பிக்-டப்" என்று கேட்கும். "பிக்ட் இட் அப்" வேகமாகச் சொன்னால் "பிக்-டி-டப்". காதுக்கு இது பழகாதவரை உள்ளூர்க்காரர்கள் பேசுவது ஒரே சொல்லாகத்தான் கேட்கும். அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்று பலர் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஒட்டல்தான்.

"பிக் யூ அப்" என்பதா, "பிக் அப் யூ" என்பதா?

"பிக் யூ அப்" மட்டுமே. மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் ஆகிய குட்டிச் சொற்கள் நடுவில்தான் உட்கார வேண்டும். "பிக் அப் இட்" என்றால் புரியும், ஆனால் காதில் உறுத்தும்.

பெயராக இருந்தால் இரண்டு இடமும் சரி. "பிக் அப் தி பார்சல்", "பிக் தி பார்சல் அப்". பொருள் நீளமாகிவிட்டால் கடைசியில் தள்ளிவிடுங்கள். "ஜோபர்க்கிலிருந்து நேற்று வந்த இரண்டு பெட்டி மாம்பழம்" என்று நீட்டி முழக்க வேண்டியிருந்தால், முதலில் பிக் அப் சொல்லி முடித்துவிட்டுப் பிறகு பெட்டிக் கதையைச் சொல்லுங்கள். நடுவில் அத்தனையையும் திணித்தால், "அப்" வருவதற்குள் கேட்பவர் வாக்கியத்தின் தலையை மறந்துவிடுவார்.

விதியை நினைவில் வைப்பதைவிட "பிக் இட் அப், பிக் ஹிம் அப், பிக் தெம் அப்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது மேல். நாலு நாளில் நாக்கே தப்பைத் தடுத்துவிடும்.

போன் எடுப்பதற்கு?

"பிக் அப்" என்றாலே போதும். "ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்." போனை எடுக்க மாட்டேன் என்கிறான். போன் என்ற சொல்லே வேண்டாம். "ஆன்ஸர்" என்றும் சொல்லலாம். வைப்பதற்கு "ஹேங் அப்" அல்லது "புட் தி போன் டவுன்". நம் ஊர் "கட் தி கால்" இங்கே புரிந்துகொள்ளப்படும், ஆனால் உடனே நீங்கள் புதிதாக வந்தவர் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும்.

கோயிலில் ஒரு ஆன்ட்டி "யூ பிக்ட் அப் வெயிட்" என்றார். என்னை ஏதாவது தூக்கச் சொன்னாரா?

இல்லை, நீங்கள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள் என்றார். "பிக் அப் வெயிட்" தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் சர்வ சாதாரணம். மற்ற நாட்டு ஆங்கிலத்தில் "புட் ஆன் வெயிட்" அல்லது "கெயின் வெயிட்" என்பார்கள். நீங்கள் நாளைக்கு லண்டனுக்கோ சிட்னிக்கோ போவதாக இருந்தால் அந்த இரண்டைப் பழகிக்கொள்ளுங்கள். டர்பனில் இருக்கும்வரை பிக் அப்பே போதும். இளைத்துவிட்டால் "லாஸ்ட் வெயிட்".

இன்னொன்று. இதைச் சொன்னவர் உங்களை அவமானப்படுத்தவில்லை. ஊரில் பெரியம்மா வாசலிலேயே "என்னடி இப்படி ஊதிட்ட?" என்று கேட்பாரே, அதே உரிமைதான். இங்கே தமிழ் மறைந்தாலும் அந்த உரிமை மறையவில்லை. புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளிப் பலகாரமும் பிரியாணியுமாக இரண்டு வாரம் போனபின் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "டூ மச் பிரியாணி, ஆன்ட்டி" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகருங்கள். நீங்களாக ஆபீஸில் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள், அங்கே அந்த உரிமை செல்லாது.

மொழியை பிக் அப் பண்ணுவதும் படிப்பதும் ஒன்றா?

ஒன்றில்லை. வகுப்பில் உட்கார்ந்து, புத்தகம் வைத்து, பரீட்சை எழுதினால் "லேர்ன்" அல்லது "ஸ்டடி". வேலை செய்யும் இடத்தில், தெருவில், சந்தையில் கேட்டுக் கேட்டு வாயில் ஒட்டிக்கொண்டால் பிக் அப். "ஐ பிக்ட் அப் சம் ஜூலு அட் வொர்க்" என்று நீங்கள் சொன்னால், யாரும் சொல்லித் தரவில்லை, கொஞ்சம்தான் தெரியும் என்ற இரண்டு செய்தியும் அதற்குள் வந்துவிடும். அடக்கமாகவும் இருக்கும்.

இந்த ஊரில் நம்மவர்களின் பழைய கதையே இதற்கு உதாரணம். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு முதலாளியின் ஆங்கிலமும் தெரியாது, கூட வேலை பார்த்தவர்களின் ஜூலுவும் தெரியாது. தோட்டத்திலும் சமையலறையிலும் கடையிலும் ஃபனகலோ என்ற கலப்பு மொழி புழங்கியது. பெரும்பாலும் ஜூலுச் சொற்கள், கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் ஆஃப்ரிகான்ஸ். அதை அவர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. "தே பிக்ட் இட் அப்" என்று சொல்வதுதான் அங்கே பொருத்தம். இப்போது நீங்கள் ஃபனகலோ பேசத் தேவையில்லை, பலருக்கு அது எஜமான்-வேலைக்காரன் காலத்தை நினைவூட்டும் மொழி. "சாவுபோனா", "ங்கியாபோங்கா" என்று வணக்கமும் நன்றியும் சரியான ஜூலுவில் சொல்லப் பழகுங்கள், மரியாதை கிடைக்கும்.

பழக்கங்களும் இப்படியே தொற்றும். "ஹீ பிக்ட் அப் பேட் ஹேபிட்ஸ்." பேச்சு வாடையும் தொற்றும். ஊருக்குப் போன் பண்ணும்போது அம்மா "என்னடா இங்கிலீஷ்காரன் மாதிரி இழுக்கிறே?" என்று கேட்டால், யூ ஹேவ் பிக்ட் அப் அன் ஆக்ஸென்ட்.

நோய்க்கும் இதுவே: "ஐ பிக்ட் அப் எ பக் ஃப்ரம் தி கிட்ஸ்." பக் என்றால் இங்கே பூச்சி இல்லை, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தரும் ஏதோ ஒன்று. இதையெல்லாம் நாம் வேண்டுமென்று தேடிப் போவதில்லை. அது நம்மைப் பிடிக்கிறது. பிடி என்ற வினை இந்த இடங்களில் பொருந்துவது அதனால்தான். தமிழில் சளி எழுவாய், ஆங்கிலத்தில் நாம் எழுவாய். அதை மட்டும் திருப்பிப் போட வேண்டும்.

வியாபாரத்துக்கு எப்படி? ஊரில் நாங்களே "படம் பிக்கப் ஆயிடுச்சு" என்போமே?

அதேதான், நீங்கள் ஏற்கெனவே சரியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். "ஆயிடுச்சு" என்பதை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். "பிசினஸ் பிகேம் பிக் அப்" என்று சிலர் சொல்கிறார்கள், வேண்டாம். "பிசினஸ் பிக்ட் அப்", "பிசினஸ் இஸ் பிக்கிங் அப்". இங்கே செயப்படுபொருள் கிடையாது. வியாபாரம் தானாகவே எழும்புகிறது.

முன்பு மந்தமாக இருந்தது என்பதும் இதற்குள் அடக்கம். எப்போதும் ஓகோ என்று ஓடுகிற கடைக்கு பிக்ட் அப் சொல்ல முடியாது. படுத்துக் கிடந்தது எழுந்தால்தான் சொல்லலாம். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாக் கடை வைத்திருப்பவரிடம் "ஹேஸ் இட் பிக்ட் அப்?" என்று கேட்டால், இதுவரை சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்கிறீர்கள். அதை அவர் உங்களிடம் சொல்லியிருந்தால் மட்டும் கேளுங்கள்.

காற்றுக்கும் இதுதான். டர்பனில் வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறி அடிக்கும். "தி விண்ட் இஸ் பிக்கிங் அப்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே சொன்னால், காயப்போட்ட வேட்டியை எடுத்து உள்ளே போடச் சொல்கிறார். வண்டி வேகம் எடுப்பது "பிக் அப் ஸ்பீட்", இதற்கு ஸ்பீட் என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

ஊரில் பிக்கப் வண்டி என்போமே, அது இங்கே யாருக்கும் புரியவில்லையே?

புரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள். இங்கே அதற்குப் பெயர் "பக்கி". ஆஃப்ரிகான்ஸ் சொல். டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையில் செய்யும் ஹைலக்ஸ்தான் சாலையெங்கும் ஓடும் பக்கி. வேடிக்கை என்னவென்றால், சாப்பாடு போட்டுக் கொடுக்கிற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் பக்கிதான். கல்யாண வீட்டில் "டேக் எ பக்கி ஹோம்" என்றால் வண்டியைத் தரவில்லை, பிரியாணி தருகிறார்கள்.

வினையாக வரும்போது அழுத்தம் அப் மீது விழும்: பிக் *அப்*. பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் பாதியில்: *பிக்* அப். ஊபர், போல்ட் செயலிகளில் வருகிற "பிக்கப் பாயிண்ட்" அந்தப் பெயர்ச்சொல். கிடார் கம்பிக்குக் கீழே இருக்கும் ஒலிவாங்கிக்கும் பிக்கப் என்றே பெயர், பஜனைக் குழுவில் கிடார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"ஐ வில் பிக் அப் தி பில்" என்றால் பில்லைக் கையில் எடுப்பதா?

எடுத்துப் பணத்தைக் கட்டுவது. ஹோட்டலில் யாராவது இதைச் சொன்னால் ஒரு தடவை "நோ, நோ" சொல்லுங்கள், மறுபடி சொன்னால் விட்டுவிடுங்கள். வேலை ஒப்பந்தப் பேச்சில் "தி கம்பெனி வில் பிக் அப் தி காஸ்ட்ஸ்" என்று வாயால் சொன்னால் சந்தோஷப்படலாம், எழுத்தில் வந்தபின் இன்னும் சந்தோஷப்படலாம்.

பின்னால் "ஆன்", "ஆஃப்டர்" எல்லாம் சேர்ந்து வருகிறதே?

"பிக் அப் ஆன்" என்றால் யாரும் வெளிப்படையாகச் சொல்லாததைக் கவனித்துப் பிடித்துக்கொள்வது. மாமியார் முகம் வாடியிருப்பதை மருமகள் உடனே கண்டுகொண்டால், ஷீ பிக்ட் அப் ஆன் இட். இதில் இட் நடுவில் வராது, கடைசியில்தான். மேலே சொன்ன விதி இங்கே செல்லாது.

"பிக் அப் ஆஃப்டர்" என்றால் மற்றவர் போட்டுவிட்டுப் போனதைப் பின்னாலேயே போய் எடுத்து வைப்பது. வீட்டில் இதைச் செய்வது யார் என்று சொல்லத் தேவையில்லை. "ஐ ஆம் டயர்ட் ஆஃப் பிக்கிங் அப் ஆஃப்டர் யூ" என்ற வாக்கியத்தை எங்கள் வகுப்புப் பெண்கள் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டார்கள்.

"அப்" இல்லாத "பிக் ஆன்" வேறு குடும்பம். ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. பள்ளியில் உங்கள் பிள்ளை "தே ஆர் பிக்கிங் ஆன் மீ" என்று சொன்னால் உடனே உட்கார்ந்து கேளுங்கள். பிக் அப் என்று காதில் வாங்கிக்கொண்டு, யாரோ வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

மீட்டிங்கில் "லெட்ஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்" என்கிறார்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். பஜனையில் ஒருவர் விட்ட வரியை இன்னொருவர் எடுத்துப் பாடுகிறாரே, அந்த எடுப்பது. "ஐ வில் பிக் திஸ் அப் டுமாரோ" என்று மேனேஜர் சொன்னால் நாளைக்கு இதைக் கவனிக்கிறேன் என்று பொருள். எந்த நாளை என்று கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

தமிழில் எடுப்பதை எல்லாம் பிக் அப் என்று சொல்லிவிடலாமா?

அங்கேதான் வழுக்கும். போட்டோ எடுப்பது "டேக்". லீவு எடுப்பதும் "டேக்". மார்க் எடுப்பது "கெட்" அல்லது "ஸ்கோர்". வாடகைக்கு வீடு எடுப்பது "ரெண்ட்". பசி எடுத்தால் "ஐ ஆம் ஹங்ரி", எடுப்பதற்கென்று தனி வினை வேண்டாம். பிடியிலும் அப்படியே: பஸ் பிடிப்பது "கேட்ச்", மீன் பிடிப்பதும் "கேட்ச்", எனக்குப் பிடிக்கும் என்பது "லைக்". எடுவும் பிடியும் பிக் அப்பைப் புரிந்துகொள்ளத்தான் உதவும். பேசும்போது தமிழிலிருந்து நேராகத் தூக்கிப் போட உதவாது.

கடையில் சாமான் வாங்குவதற்கு பிக் அப் சொல்லலாம், ஆனால் சின்னதாக, போகிற போக்கில் வாங்குவதற்கு மட்டும். பால், ரொட்டி, கொத்தமல்லி சரி. நகையோ காரோ வாங்கிவிட்டு பிக்ட் அப் என்றால், மலிவாக அடித்துவிட்டதாகப் பீற்றிக்கொள்வது போல இருக்கும். பீற்றிக்கொள்ளத்தான் ஆசை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.

கடிதத்தில், அலுவலக மெயிலில் எழுதலாமா?

தெரிந்தவருக்கு எழுதும் மெயிலில் எழுதலாம். விண்ணப்பம், புகார், சட்டம் சம்பந்தப்பட்டது என்றால் ஒற்றைச் சொல்லுக்கு மாறுங்கள். பொருளையோ ஆளையோ ஏற்றுவதற்கு "கலெக்ட்". இங்கே அறிவிப்புகளிலும் அதுதான் வரும், அடையாள அட்டை தயாரானதும் "ரெடி ஃபார் கலெக்‌ஷன்" என்றுதான் செய்தி வரும். கற்றுக்கொண்டதற்கு "அக்வையர்", முன்னேறியதற்கு "இம்ப்ரூவ்", மறுபடி தொடங்கியதற்கு "ரெஸ்யூம்", கண்டுபிடித்ததற்கு "டிடெக்ட்". மாறாக, இந்தச் சொற்களைப் பேச்சில் அள்ளி வீசினால் மனு வாசிப்பது போல இருக்கும். பையனைப் பள்ளியிலிருந்து அக்வையர் பண்ணினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

இதற்கு எதிர்ச்சொல் என்ன அக்கா? "பிக் டவுன்" என்று உண்டா?

கிடையாது. எதிர்ச்சொல்லையும் பொருளைப் பார்த்தே சொல்ல வேண்டும். சாவியை "புட் டவுன்". ஆளை இறக்கிவிடுவது "ட்ராப் ஆஃப்", பேச்சில் வெறும் "ட்ராப்". போனுக்கு "ஹேங் அப்", பாருங்கள், அங்கே இரண்டு பக்கமும் அப்தான். காற்று அடங்கினால் "டைஸ் டவுன்", வேகம் குறைந்தால் "ஸ்லோஸ் டவுன்", வியாபாரம் படுத்தால் "ஸ்லோஸ் டவுன்" அல்லது "ட்ராப்ஸ்". எடைக்கு "லூஸ்". பக்கியில் பிரியாணி வாங்கி வந்தவர் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பதற்கு "ரிட்டர்ன்", அதை மறந்துவிட்டால் அடுத்த வாரம் கோயிலில் அந்த ஆன்ட்டியே கேட்பார்.